ஆம்புரோஸுக்கு அடித்த சுத்தியல்கள்

ஆம்புரோஸ் ஹாலமுக்கு வாய்ச் சாமர்த்தியம் கிடையாது. கைச் சாமர்த்தியம் கொட்டிக் கிடந்தது. அதுதான் அவனைக் கெடுத்தது. பிற்காலத்தில் மூன்று இயந்திரங்களுக்குக் காப்புரிமை வாங்கினான், கோட்டும் தொப்பியுமாகப் படம் எடுத்துக்கொண்டான். அந்தக் கதையை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். நான் சொல்வது, இங்கிலாந்தில் மழை ஓயாத ஓல்டம் ஊரில், நூற்பாலை இயந்திரம் செய்யும் பட்டறையில் அவன் தொழில் பழகிய ஏழு வருடத்தை.

பதினான்கு வயதில் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். தேவாலயத்துக்காரர்கள் ஒப்பந்தம் எழுதி அவனைப் பட்டறையில் சேர்த்துவிட்டார்கள். தங்கியது ஒரு விதவையின் வீட்டு மாடியறையில். அந்த அம்மாள் ஓட்ஸ் கஞ்சியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள், அவ்வளவுதான் உறவு. ஞாயிற்றுக்கிழமை என்றாலே அவனுக்குப் பிடிக்காது. பொழுது முழுக்கப் பேச ஓர் ஆள் இருக்காது, பாவம்.

பட்டறைக்கு வந்தால் பக்கத்து மேசையில் சைலஸ் இருப்பார். இரும்புச் சட்டத்தில் எங்கெங்கே துளை விழ வேண்டும் என்று அளந்து புள்ளி குத்துவது அவருக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் வேலை.

"என்னடா ஆம்புரோஸு, வாய்க்குப் பூட்டுப் போட்டுட்டு சாவிய எங்க தொலைச்ச?"

"அதெல்லாம் இல்லண்ணே."

"அடேங்கப்பா, பேசிட்டான்யா! இன்னிக்கு ஓல்டத்துல வெயில் அடிக்கப்போவுது!"

எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டே அவன் ஒரு வாரத்தை ஓட்டிவிடுவான்.

ஏழு வருடம் முடிந்து ஒருவன் தொழிலாளியாகிற நாளில் அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். மதியச் சங்கு ஊதியதும் அத்தனை பேரும் சுத்தியலை எடுத்துக் கைக்கெட்டிய இரும்பில் அடிப்பார்கள். தெருக்கோடி வரை அதிரும். இன்று முதல் நீ எங்கள் ஆள் என்று அதற்குப் பொருள். மற்ற பையன்களுக்கு அடிக்கும்போதெல்லாம் ஆம்புரோஸுக்கு உடம்பு சிலிர்க்கும். தனக்கும் ஒருநாள் அப்படி அடிப்பார்கள் என்ற நினைப்பில்தான் அவன் அந்த மாடியறையில் காலம் தள்ளினான்.

ஆறாவது வருடம் சைலஸுக்குக் கண் மங்கியது. புள்ளி தப்பிப்போய் மேஸ்திரியிடம் திட்டு வாங்கினார். ஆம்புரோஸுக்குப் பொறுக்கவில்லை. சரியான இடங்களில் துளைபோட்ட கனத்த தகடு ஒன்றைச் செய்தான். சட்டத்தின் மேல் அதை வைத்து இறுக்கிவிட்டால் அளக்கவே வேண்டாம். தகட்டுத் துளை வழியாகவே துளைத்துக்கொள்ளலாம்.

இப்படி ஏதாவது செய்தால் அதை இழுப்பறையில் கந்தல் துணிக்கு அடியில் வைப்பார்கள். மேசைக்காரர்களுக்குத் தெரியும், மேஸ்திரிக்குத் தெரியாது. பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. இந்த மடையன் தகட்டை மேசைமேல் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான்!

மேஸ்திரி ஆக்டன் எடுத்துப் பார்த்தார். "அட! யாரு செஞ்சது?"

இரும்புத் துண்டு, சும்மா கிடந்தது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஆறு வருடத்தில் அவனிடம் ஒருவர் ஆசையாகக் கேட்ட முதல் கேள்வி அது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்றுவிடாமல் விளக்கினான். ஆக்டன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

இரண்டே வாரத்தில் அளக்கிற மூன்று பேரையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சைலஸ் சாமான்களைத் துணியில் மூட்டை கட்டிக்கொண்டே சொன்னார்: "எங்கிட்ட காட்டியிருக்கலாமேடா. உள்ள போட்டு வச்சுட்டு ரெண்டு பேருமா சிரிச்சிருப்போம்."

"உங்களுக்காகத்தாண்ணே..."

அவர் நின்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருடம் ஒருவரும் அவனோடு பேசவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை, அதுவும் இல்லை. அரம் கேட்டால் அரம் வந்தது, வார்த்தை வரவில்லை.

கடைசி நாளும் வந்தது. அடிக்கமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் மனசு கேட்கவில்லை, துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். சங்கு ஊதியது. ஒரு சத்தமும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போது ஒரு சுத்தியல் விழுந்தது. பிறகு பத்து, பிறகு பட்டறை முழுக்க. கூரை பிய்த்துக்கொண்டு போகும்போல இருந்தது. ஆம்புரோஸ் அழுதுவிட்டான். மன்னித்துவிட்டார்களே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான்.

ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் மேஸ்திரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆக்டன் கையில் கடிகாரத்தோடு நின்றார். கையை இறக்கினார், அத்தனை சுத்தியலும் ஒரே நேரத்தில் நின்றன.

"உன் தகட்டுக்காக முதலாளி உத்தரவு. அஞ்சு நிமிஷம்னாரு. குறையில்லாம அடிச்சாங்கல்ல?" என்று ஆம்புரோஸிடம் கேட்டார்.

"குறையில்லைங்க."

ஆட்கள் அவனைத் தாண்டிச் சாப்பிடப் போனார்கள். கொஞ்சம் பொறுத்து அவனும் தெருவுக்கு வந்தான். வாசலில் பட்டாணி வேகவைத்து விற்கிற பெண் முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

"இவ்ளோ பலமா அடிச்சு நான் கேட்டதே இல்லப்பா! யாரு தம்பி அந்தக் கொடுத்துவச்சவன்?"

"தெரியலைங்க" என்றான் ஆம்புரோஸ்.