தனபாக்கியத்தின் பிடி

போன வெள்ளிக்கிழமை காலை பொங்கோலில் தனபாக்கியம் இருந்த வீட்டிலிருந்து தொலைபேசி வந்தது. தனபாக்கியத்தின் பேத்தி. "பாட்டி, ஆயா தவறிட்டாங்க. தூக்கத்துலயே போய்ட்டாங்க. டாக்டர் இப்பதான் கன்பர்ம் பண்ணாரு" என்றாள். அடுப்பில் பாலை வைத்திருந்தேன். அது பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. தனத்தைப் பிடிவாதக்காரி என்று திட்டாத நாளில்லை. இனி யாரைத் திட்டுவேன்?

தனத்தை அறிந்த உங்களுக்கு அவள் வலது கையும் தெரிந்திருக்கும். மோதிர விரலும் சுண்டு விரலும் பாதிதான். அன்னாசிப்பழம் டின்னில் அடைக்கும் தொழிற்சாலையில், பதினாறு வயதில், கத்திக்குக் கொடுத்தது. ஆனால் அந்தக் கைக்காக அவள் என்ன செய்தாள் என்பது இன்றைக்கு என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் இருவரும் இந்திய விடுதலைக்கான பெண்கள் படையில் சேர்ந்தோம். அணிவகுப்பில், ஓட்டத்தில், கயிறு ஏறுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. கைத்துப்பாக்கிப் பயிற்சியில்தான் இடித்தது. குண்டு பாய்கிற வேகத்தில் துப்பாக்கி அவள் கையிலேயே திரும்பிவிடும். கீழே பிடித்துக்கொள்ள அவளுக்கு விரல் போதாது. பயிற்சி கொடுத்த ஹவில்தார் தமிழர்தான், கெட்டவரும் இல்லை. "ஏம்மா, உன் கைக்குக் கரண்டிதான் சரி. திங்கக்கிழமை டெஸ்ட்ல தேறலன்னா சமையல்கட்டுக்கு மாத்திடுவேன்" என்று சொல்லிவிட்டார். வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அதை இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன்.

தனம் அழவில்லை. முகாமில் ஒரு கைத்துப்பாக்கி பிடி உடைந்து சும்மா கிடந்தது. "இதுக்குப் பிடி போட்டுக் கொண்டாந்தா, இதுலயே சுடலாமா ஐயா?" என்று கேட்டாள். அவர் விளையாட்டாகத் தலையாட்டினார். துப்பாக்கியை வெளியே கொண்டுபோக முடியாது. அதனால் ஒரு காகிதத்தை அதன் இரும்பின் மேல் வைத்து, பென்சிலால் தேய்த்து, திருகாணித் துளை வரை அச்செடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு விடுப்பு. மாலை ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும்.

பஃபலோ ரோட்டுக்குப் பின்னால் அவள் வீடு. நான் போனபோது அவள் பக்கத்து வீட்டுத் தச்சரிடம் ரம்பமும் உளியும் கேட்கப் போயிருந்தாள். சன்னலோரம் தட்டில் ஒரே ஒரு பிடி கொழுக்கட்டை இருந்தது. மரவள்ளி மாவுக் கொழுக்கட்டை, விரல் தடம் பதிந்து, அவித்து ஆற வைத்தது. அரிசியைக் கண்ணால் பார்த்து மாதக்கணக்காகிவிட்ட காலம். காலையிலிருந்து பட்டினி. எனக்குத்தான் எடுத்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். இரண்டே வாய்.

தனம் உள்ளே வந்து வெறும் தட்டைப் பார்த்தாள். பிறகு என் வாயைப் பார்த்தாள். "அடிப்பாவி, அது என் கைடி" என்றாள்.

அப்போதுதான் விளங்கியது. மாவைத் துப்பாக்கி பிடிப்பதுபோல இறுகப் பிடித்து, தடம் கலையாமலிருக்க அவித்து வைத்திருக்கிறாள். அந்தப் பள்ளங்களைப் பார்த்து அப்படியே மரத்தில் இறக்குவதுதான் திட்டம். இரண்டு பள்ளம் பாதியில் நின்றிருந்ததை நான் கவனித்தேனா என்ன? வெட்கத்தில் எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

அவளோ சிரித்தாள். "நான் பிடிச்சு வச்சா, நீ ஒரு பிடி பிடிச்சுட்டியே மரகதம். போனா போகுது. இன்னொரு தடவை பிடிப்போம்."

டப்பாவில் கடைசியாக ஒரு கை மாவு இருந்தது. அது அவள் அம்மாவின் ராத்திரிக் கஞ்சிக்கு வைத்தது. அம்மாவிடம் சொல்லிவிட்டே எடுத்தாள். அம்மா அரிவாள்மனையைத் தானே தூக்கிக்கொண்டுவந்து, "இதோட கட்டைதான் நல்ல கெட்டி. வாலை அறுத்துக்க" என்றார்.

நான் கட்டையைக் காலால் மிதித்துக்கொண்டேன். அவள் அறுத்தாள், செதுக்கினாள், உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டினாள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கொழுக்கட்டையைத் தொட்டுப் பார்ப்பாள், பிறகு மரத்தைத் தொட்டுப் பார்ப்பாள். பாதி விரல்கள் உட்காருமிடத்தில் மரத்தை மேடாக விட்டிருந்தாள். இல்லாத விரலுக்கு மரம் எட்டிவந்து தாங்க வேண்டுமாம். உளி வழுக்கி இடது கட்டைவிரலைக் கிழித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். நான் நிறுத்தச் சொன்னேன். "நாளைக்கு வேணும்னா நிறுத்துறேன்" என்றாள். ஐந்தரை மணிக்குப் பிடியின் இரண்டு பக்கத் துண்டும் ஆயிற்று. அந்தக் கொழுக்கட்டையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு முகாமுக்கு ஓடினோம்.

திங்கட்கிழமை ஐந்து குண்டு. நான்கு பலகையில் பட்டது. துப்பாக்கி அவள் கையில் அசையவில்லை. ஹவில்தார் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் கையில் பிடித்துப் பார்த்தார். அவருக்குப் பொருந்தவில்லை. "எந்தக் கடைம்மா?" என்றார். "எங்க வீட்டு அரிவாள்மனை ஐயா. கரண்டிக்கும் இதே கைதான், சுடறதுக்கும் இதே கைதான்" என்றாள் தனம். அன்று யாரும் சிரிக்கவில்லை. அவள் பெயர் போர்முனைப் பட்டியலில் ஏறியது.

நாங்கள் புறப்படுவதற்குள் சண்டையே முடிந்துவிட்டது. ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்ன நாளில் தனம் திருகாணியைக் கழற்றி, மரத் துண்டுகள் இரண்டையும் எடுத்துக்கொண்டு, வெறும் இரும்பைக் கொடுத்தாள். மாட்டிக்கொள்வாய் என்று பயந்து அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "துப்பாக்கி அவங்களோடது. பிடி என்னோடது" என்றாள்.

பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. கல்யாணம், பிள்ளைகள், வீடு மாற்றம் என்று போய்விட்டது. அவள் வீட்டு அரிவாள்மனை மட்டும் காய் நறுக்கும்போதெல்லாம் ஆடும். ஆடும்போது அவள் என்னைப் பார்ப்பாள்.

நேற்று பேத்தி வந்து ஒரு பிஸ்கட் டின்னை என்னிடம் கொடுத்தாள். உள்ளே அந்த இரண்டு துண்டுகள், எண்ணெய் ஏறிக் கறுத்துப்போய். பிடித்துப் பார்த்தேன். என் விரல்கள் அந்த மேட்டில் முட்டி நின்றன. இது என் கைக்கானது இல்லை.

"ஆயா உங்ககிட்டதான் கொடுக்கணும்னாங்க. ஒரு மெசேஜும் சொன்னாங்க. எனக்குப் புரியலை பாட்டி" என்றாள்.

"என்ன சொன்னா?"

"'இதையாவது தின்னாம வச்சிருக்கச் சொல்லு'ன்னாங்க."

வைத்திருக்கிறேன் தனம்.