டெபோராவும் பதினோரு பெயர்களும்

தனக்கு முன்னால் நிற்பவரின் சட்டைத் தோளில் ஒரு நூல் துருத்திக்கொண்டிருந்தால் டெபோராவால் சும்மா நிற்க முடியாது. அவரிடம் கேட்கமாட்டாள். இரண்டு விரலால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி, சுருக்கென்று அறுத்துவிடுவாள். அவர் திடுக்கிட்டுத் திரும்பினால், "பிசிறு அண்ணாச்சி. விட்டா தையலு பூராவும் பிரிஞ்சி வந்துரும்லா" என்பாள். சங்கரன்கோவிலில் வாக்காளர் பட்டியல் விசாரணை நடந்த அலுவலக வராந்தாவில், அன்று மதியத்துக்குள் அப்படி மூன்று சட்டைகளுக்கு வைத்தியம் பார்த்திருந்தாள். அதன் பிறகு கை அதில் போகவில்லை. மார்போடு அணைத்திருந்த மஞ்சள் பையை விட்டு விரலை எடுக்க மனம் வரவில்லை. மணி மூன்றரை. ஐந்து மணிக்கு விசாரணை முடிகிறது. இன்றுதான் கடைசி நாள்.

நாற்பத்து நான்கு வயது. கணவர் தேவதாசன் இறந்த மறு வருடம் திருப்பூருக்குப் பஸ் ஏறியவள். பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்தாள். தையல்காரருக்குத் துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை அடுக்கி வைக்கும் வேலை. மூன்று வருடத்தில் செக்கிங் மேசைக்கு வந்துவிட்டாள். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. பக்கத்து மேசைக்காரியின் கையைப் பார்த்துத் தன் கையைப் பழக்கிக்கொண்டாள். கழுத்து, தோள், கை, பக்கத்தையல், அடிமடிப்பு என்று விரல் ஓடும் வரிசை மாறாது. பிழை இருக்கும் இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் தள்ளிவிடுவாள். பத்து மணி நேரமும் நின்றே பார்க்கிற வேலை. செருப்பின் குதிகால் வருடத்துக்கு இரண்டு முறை ஒரு பக்கமாய்த் தேய்ந்து சாயும்.

உலகத்தையும் அவள் அந்த மேசையில் விரித்துத்தான் பார்க்கிறாள். ஊருக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, ஆலயத்தில் பிரசங்கம் எப்படி என்று கேட்டால், "நடுவுல ரெண்டு தையல் விட்டுப்போச்சு. இருந்தாலும் பாஸ் பண்ணிரலாம்" என்பாள். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்த்து, "காலர் நல்லாருக்கு, துணிதான் கொஞ்சம் மட்டம்" என்று சொல்லி, பெண் வீட்டாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அதே தெருவிலிருந்து அவள் பின்னால் திருப்பூர் போனவர்கள் பதினோரு பேர். எல்லோரும் பெண்கள். ஒரே காம்பவுண்டில் நாலு அறைகளில் பன்னிரண்டு பேரும் இருக்கிறார்கள். ஆடித்தபசுக்கு வருவார்கள், கிறிஸ்துமஸுக்கு வருவார்கள், ஓட்டுப் போட வருவார்கள். திருப்பூரில் வாடகைக்கு இருப்பதாக ஒரு தாளில் எழுதிக் கேட்டால், வீட்டுக்காரர் அறையையே காலி செய்யச் சொல்வார். ஆகவே ரேஷன் அட்டையும் வாக்காளர் அட்டையும் சங்கரன்கோவில் முகவரியில்தான். அந்த முகவரிக்கு இன்னும் குடிநீர்க் குழாய் வரவில்லை.

குழாய் கேட்டுப் போனபோது, வார்டில் எல்லாக் காரியத்துக்கும் முன்னால் நிற்கிற பாண்டியராஜன் சிரித்தார். "பத்து மாசம் பூட்டிக் கெடக்க வீட்டுக்குக் குழா எதுக்கு? பூட்டுக்குத் தண்ணி ஊத்தவா?" கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். டெபோரா சிரிக்கவில்லை. "வீடுதான் பூட்டிக் கெடக்கு அண்ணாச்சி. ஓட்டு பூட்டிக் கெடக்கல" என்று சொல்லிவிட்டு வந்தாள். திருப்பூர் திரும்பியதும் காம்பவுண்டில் அதே பேச்சுதான். அடுத்த நகராட்சித் தேர்தலில் அந்த வார்டுக்கு டெபோராவே நிற்க வேண்டும் என்று பதினோரு பேரும் பிடித்த பிடியாய் நின்றார்கள்.

முதலில் மறுத்தாள். பெயர் ஓரிடத்தில் இருப்பதன் லட்சணம் அவளுக்குத் தெரியும். கம்பெனிச் சுவரில் பெண்கள் புகார்க் குழு என்று ஒரு பலகை தொங்குகிறது. அதில் நாலாவது பெயர் அவளுடையது. கூட்டம் எப்போது என்று கேட்டதற்கு, "ஆடிட்டுக்கு ஆள் வரும்போ சொல்லுதேன்க்கா" என்றான் சூப்பர்வைசர் இசக்கித்துரை. நாலு வருடமாக அவன் சொல்லவில்லை. "இங்கன என் பேர மாட்டி வச்சிட்டு ஆள வெளிய நிறுத்திருக்கான். ஊர்லயாவது பேரும் ஆளும் ஒண்ணா நிக்கட்டும்" என்று சொல்லித்தான் கடைசியில் சம்மதித்தாள்.

ஊரில் இப்போது அந்தப் பெயரே போய்விட்டது. பன்னிரண்டு பெயர்களும் 'நிரந்தரமாக இடம்பெயர்ந்தோர்' பட்டியலுக்குப் போய்விட்டன. போக்கடித்தது யார் என்பது டெபோராவுக்குத் தெரியும். அதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

ஐந்தாறு வருடங்களுக்கு முன்னால் அந்தப் பெண்களில் சிலர் ஒரு நூற்பாலை விடுதியில் மூன்று வருட ஒப்பந்தத்தில் இருந்தார்கள். உடம்புக்கு ஆகாமல் பாதியில் ஓடி வந்தவர்களைத் திரும்ப இழுத்துப்போகத் தரகர்கள் நோட்டும் கையுமாய் வருவார்கள். வீடு வீடாய் நின்று, பெண்ணின் பெயரைச் சொல்லி விசாரிப்பார்கள். சில நேரம் தரகர்களே பெண்களாக இருப்பார்கள். அப்போது டெபோரா தெருவுக்கே ஒரு பதிலைத் தயார் செய்தாள். "நோட்டோட வந்து எவ பேரக் கேட்டாலும் ஒரே பேச்சுதான். குடும்பத்தோட காலி பண்ணிப் போயிட்டா. இனிமே வரமாட்டா. எங்கன்னு தெரியாது. கூட ஒரு வார்த்த பேசக் கூடாது."

சொல்லிவிட்டு விடவில்லை. ஒவ்வொருவரையும் பேசவைத்துப் பார்த்தாள். உளறியவர்களைத் திரும்பச் சொல்லவைத்தாள். எதிர்வீட்டுத் தங்கத்தாய் மட்டும் முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். விசைத்தறிக்கு நூல் சுற்றிக் கொடுப்பவள். பகல் முழுக்க வாசலில் இருப்பவள். பதிலின் கடைசியில் தானாக ஒரு பெருமூச்சையும் சேர்த்துக்கொண்டாள். இரண்டே மாதத்தில் தரகர்கள் வருவது நின்றுபோனது.

போன மாதம் ப்ரியதர்ஷினி வந்தாள். வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வந்த ஊழியர். அந்தப் பகுதிக்குப் புதியவள். கையில் நோட்டு. பூட்டிய வீடுகளைக் காட்டிப் பன்னிரண்டு பெண்களின் பெயரையும் ஒவ்வொன்றாகக் கேட்டாள். தங்கத்தாய் ஒவ்வொரு பெயருக்கும் பதிலைச் சொன்னாள். பெருமூச்சும் விட்டாள்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுவீங்களாம்மா?"

"போட்டா இனிமே இவளுவளத் தேடி வரமாட்டியள்லா?"

"வரவேண்டிய அவசியமே இருக்காதும்மா."

தங்கத்தாய் சந்தோஷமாகப் போட்டுக் கொடுத்தாள்.

பட்டியலின் படம் போனில் வந்தபோது டெபோரா தேநீர் இடைவேளையில் இருந்தாள். மூன்று நாள் விடுப்புக் கேட்டாள். ஒரு நாள் கிடைத்தது. ஏற்றுமதி நேரம், மற்ற யாருக்கும் அதுவும் கிடைக்கவில்லை. பதினோரு பேரையும் கைப்பட ஒரு கடிதம் எழுதச் சொன்னாள். கடிதங்களை வரிசையாக விரித்து, வீட்டு எண் தவறிய இடத்திலும் கையெழுத்து விடுபட்ட இடத்திலும் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பிக் கொடுத்தாள். ஜுவைரியா மூன்று முறை எழுத வேண்டியதாயிற்று. "யக்கா, இது என்ன ஏற்றுமதிக்கா போகுது?" என்று அவள் அலுத்துக்கொண்டாள். "அதவிடக் கஷ்டமான எடத்துக்குப் போகுது. எழுதுட்டி" என்றாள் டெபோரா. அந்தக் கடிதங்களும் ரேஷன் அட்டை நகல்களும்தான் மஞ்சள் பையில் இருந்தன.

வராந்தா பெஞ்சில் தங்கத்தாய் முந்தானையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வரமாட்டேன் என்று காலையிலிருந்து சொல்லி, கடைசியில் டெபோராவுக்கு முன்னால் வந்து நின்றவள்.

"ஏட்டி, என்னைய உள்ள கூப்புடுவாங்களோ?"

"நீங்க வாயத் தொறக்காண்டாம் மதினி. சும்மா இருங்க."

"பொய் சொன்னா உள்ள வச்சிருவாங்களாம்லா. நம்ம தெரு மாரிக்கண்ணன் சொல்லுதான்."

"அவன் எப்பம் வக்கீலுக்குப் படிச்சான்?"

"டீக்கடைல தெனம் பேப்பர் படிக்காம்லா."

டெபோராவுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடங்கியது. "எல்லாருக்கும் பெருமூச்சு விட்டியளோ?"

"பன்னெண்டு பேருக்கும் விட்டேன்."

"பின்ன அந்தப் பிள்ள எப்படி நம்பாம இருக்கும்."

போன் அடித்தது. இசக்கித்துரை. "டெபோராக்கா, நாளைக்கு எட்டரைக்கு மேசையில நீ இல்லன்னா வேற ஆளப் போட்டுருவேன். பெறவு என்னையக் குத்தம் சொல்லக் கூடாது."

"ஏழு மணி பஸ்ஸுக்கு ஏறிருவேன்."

"பதினோரு பேருல எவளாவது அங்கன கெளம்பி வந்தா, அங்கனயே இருந்துக்கிடச் சொல்லு."

உள்ளேயிருந்து பெயர் கூப்பிட்டார்கள். மணி நாலரை தாண்டியிருந்தது.

அதிகாரிக்கு ஐம்பது வயது இருக்கும். கோபமில்லாத, களைத்த குரல். டெபோராவின் அட்டைகளைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், படிவத்தை எடுத்தார். "நீங்க நேர்ல வந்துட்டீங்க. ஆதாரமும் சரியா இருக்கு. உங்க பேரைச் சேர்த்துரலாம். கையெழுத்துப் போடுங்க."

அவள் பையிலிருந்த கடிதங்களை மேசையில் வைத்தாள். "இவங்களும் இருக்காங்க சார். பதினோரு பேரு."

"அவங்க நேர்ல வரணும்மா."

"வந்தா வேல போயிரும் சார். திருப்பூரு போனாத்தான் ஊர்ல அடுப்பு எரியும். போனா ஊர்ல இல்லங்கிய. நாங்க எங்கனதான் இருக்கோம்னு நீங்களே சொல்லுங்க."

அவர் கடிதங்களைப் புரட்டினார். ஸ்டிக்கர் ஒட்டி எடுத்த தடம் ஒன்றிரண்டில் தெரிந்தது. "எல்லாம் ஒழுங்கா எழுதியிருக்கு. ஆனா எதிர்வீட்டு வாக்குமூலம் இருக்கே. குடும்பத்தோடு காலி செய்துவிட்டார், இனி வரமாட்டார், இடம் தெரியாது. பன்னெண்டு பேருக்கும் ஒரே வாசகம். யாரு இந்தத் தங்கத்தாய்?"

வெளியே பெஞ்சு கிறீச்சிட்டது. டெபோரா அரை அடி நகர்ந்து வாசலை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"இது தப்புன்னு பொறுப்பேத்து யாராவது எழுதிக் குடுத்தா, பதினோரு பேரையும் நீக்காம, பட்டியல்ல வச்சுக்கிட்டே மறுவிசாரணை நடத்தலாம். வேற வழி எனக்கு இல்ல. ஆனா பொய்த் தகவல் யாரு குடுத்ததுன்னு கேள்வி வரும். நடவடிக்கைன்னு வந்தா அவங்க மேலதான்."

"நான் எழுதுதேன் சார்."

"நீங்க எப்படி? சொன்னது அவங்க."

"வாயிதான் அவங்களது. வார்த்த என்னோடது. மில்லுத் தரகனுக்குச் சொல்லுங்கன்னு நாந்தான் சொல்லிக் குடுத்தேன். ஒரு எழுத்துப் பிசகாமச் சொல்லிருக்காங்க."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "யோசிச்சுப் பேசுங்கம்மா. நீங்க எழுதினா, பொய்த் தகவல் குடுத்தவங்கன்னு உங்க பேரு மட்டும் இந்த ஃபைலோட நிக்கும். விசாரணை முடியுற வரைக்கும் உங்களுக்குப் பேரு கிடையாது. நடுவுல தேர்தல் வந்தா ஓட்டுப் போட முடியாது."

"வார்டுக்கு நிக்கவும் முடியாதோ?"

"பட்டியல்ல இல்லாம எப்படி நிப்பீங்க?" அவர் படிவத்தை மறுபடியும் அவள் பக்கம் தள்ளினார். "இதுல கையெழுத்துப் போட்டா உங்க வேலை ரெண்டு நிமிஷம். நீங்க வார்டுல நின்னு ஜெயிச்சு, அப்புறமா அவங்களுக்குச் செய்யலாமே."

அவர் கெடுதலாகச் சொல்லவில்லை. டெபோராவுக்கும் அது தெரிந்தது. அவள் பெயர் இருந்தால், பதினோரு பேருக்காகப் பேச வார்டில் ஒருத்தி நிற்பாள். நிற்கவைத்த பதினோரு பேருக்கு அங்கே பெயர் இருக்காது. அவர்கள் பெயர் இருந்தால், அவர்கள் ஓட்டுப் போடலாம். அவர்கள் கேட்ட ஆள் ஓட்டுச் சீட்டில் இருக்கமாட்டாள். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் முழுதாய் ஒட்டாத துணி. சுவரில் கடிகாரம் ஐந்துக்குப் பத்து நிமிடம் என்றது. பக்கத்து மேசை ஊழியர் ரப்பர் ஸ்டாம்புகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கியிருந்தார்.

"வெள்ளத்தாள் ஒண்ணு குடுங்க சார்."

நின்றபடியே மேசை விளிம்பில் தாளை வைத்து எழுதினாள். மேலே இரண்டு வரி: கீழ்க்கண்டவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை, பிழைப்புக்குப் போயிருக்கிறார்கள், போய்விட்டார்கள் என்று சொல்லச் சொன்னது நான். அதன் கீழே பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் வீட்டு எண். கடிதங்களைப் பார்க்கவில்லை. பதினொன்றும் விரல் வரிசையாக வந்தன. எட்டாவது பெயரில் ஒரு துணைக்காலை விட்டுவிட்டு, திரும்பிப் போய்ப் போட்டாள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்; அவசரப்படுத்தவில்லை.

கடைசிப் பெயரை எழுதும்போது பக்கத்தில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. தங்கத்தாய் உள்ளே வந்து நின்றிருந்தாள். முறுக்கிய முந்தானை இன்னும் கையிலேயே இருந்தது.

"சார், அந்தத் தங்கத்தாய் நாந்தான்" என்றாள். பிறகு டெபோராவிடம் கையை நீட்டினாள். "பேனாவக் குடுட்டி. அன்னைக்குக் கையெழுத்துப் போட்டது நான்லா."

டெபோரா நிமிர்ந்து பார்க்கவில்லை. தாளின் அடியில் மிச்சமிருந்த வெள்ளை இடத்தின் மேல் இடது உள்ளங்கையை விரித்து அழுத்தி வைத்துக்கொண்டு, கட்டை விரலுக்கு வெளியே இருந்த ஓர் அங்குலத்தில் தன் பெயரை எழுதினாள்.