முதுகு வெள்ளைச் செவலை

லூவெத்தைப் போல மாட்டை நினைவில் வைத்திருப்பவன் எங்கள் பட்டியிலேயே கிடையாது. என் பெரியப்பா மகன் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த நினைவால் அவனுக்கு வந்த திமிரையும் நான்தான் சகித்துக்கொண்டேன். மாடு மேய்த்தே வாழும் எங்கள் டிங்கா சனத்தின் பேச்சில் மாட்டின் நிறத்தைத் தனியாகச் சொல்ல முடியாது. எந்த நிறம், உடம்பில் எங்கே படர்ந்திருக்கிறது, இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயர். லூவெத் ஒரு தடவை பார்த்தால் போதும், மறக்கமாட்டான்.

அவன் சிறுவனாக இருந்தபோது, அவன் அப்பா இரண்டு பசுக்களைச் சிநேகிதர் பட்டியில் விட்டுவைத்தார். நோய் வந்தால் மொத்த மாடும் ஓரிடத்தில் சாகக்கூடாதென்று இப்படிப் பிரித்து விடுவது வழக்கம். பெரியவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்த பிறகு, அந்தச் சிநேகிதரின் மகன் மன்யியேலிடம் லூவெத் பசுக்களைக் கேட்டான். இருவரும் உயிர்த்தோழர்கள்.

"ரெண்டும் நோயில செத்துப்போச்சுடா. முகம் வெள்ளையா ஒரு செவலை, முதுகு வெள்ளையா ஒரு கருப்பு. அப்பா சொல்லிட்டுத்தான் போனாரு."

"யாருகிட்ட கதை விடுறே? செவலைக்குத்தான் முதுகு வெள்ளை. ஓட்டிட்டுப் போனப்போ என் கண்ணால பாத்தேன். உன் பட்டியில நிக்குதே முதுகு வெள்ளைச் செவலை, அது யாரு பெத்ததாம்?"

வழக்கு மரத்தடிக்குப் போனது. லூவெத்தின் கண் தப்பாது என்று தலைவரே சொல்லிவிட்டார். மன்யியேல் பட்டியிலிருந்த அந்தச் செவலைப் பசுவையும் அதன் கன்றையும் லூவெத்திடம் பிடித்துக் கொடுத்தார்கள். வாண்டுகள்கூட மன்யியேலைத் திருடன் என்று கூப்பிட, அவன் குடும்பத்தோடு ஆற்றுக்கு அக்கரை போய்விட்டான்.

பல வருஷம் கழித்து, தூரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அதேல் அத்தை வந்தாள். லூவெத் வழக்கமான பெருமையோடு அந்தக் கதையை எடுத்தான்.

"அடப்பாவி! ஓட்டிட்டுப் போறவரைக்கும் அந்த ரெண்டையும் கறந்தவளே நான்தான். முகம் வெள்ளை செவலைக்குத்தாண்டா. கருப்புக்குத்தான் முதுகு வெள்ளை."

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே, அத்தை?" என்றேன்.

"யாரு கேட்டீங்க? மடியைத் தொடாத ஆம்பளைங்க கூடி உக்காந்து தீர்ப்பு சொல்லிட்டீங்க."

எங்களில் வளர்ந்த ஆண் பால் கறப்பதில்லை. கறந்தவளைக் கேட்க வேண்டுமென்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தனுக்கும் புத்தி போகவில்லை.

லூவெத்தின் முகம் செத்துவிட்டது. "ரெண்டும் புழுதியில ஒட்டி ஒட்டிப் போச்சு. இதோட நெறத்தை அதோட வெள்ளையில சேத்துட்டேன் போல இருக்கே, அத்தை" என்றான். கண்ணை மூடினாலும் இன்னும் அந்தத் தப்பான பசுதான் தெரிகிறது என்று அழுதான்.

மறுநாளே பசுவையும் அதன் கன்றுகளையும் ஓட்டிக்கொண்டு நாங்கள் அக்கரை போனோம். மன்யியேல் போன மழையில் இறந்துவிட்டானாம். அவன் மனைவி நியான்வூத்திடம் லூவெத் எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அவருக்கு உங்க மேல கோபமே இல்லண்ணே. லூவெத் கண்ணு தப்பாது, எங்கப்பன்தான் பொய் சொல்லிட்டான்னு நம்பிட்டாரு. கடைசிப் பையனுக்குத் தாத்தா பேரை வைக்கலாம்னு கெஞ்சினேன். திருடன் பேரு வேணாம்னுட்டாரு."