உதட்டு மடிப்புக்குத் தடவிய டியூப்

எங்கள் நாய்க்குக் கீழுதட்டில், கோரைப்பல்லுக்குப் பின்னால் ஒரு மடிப்பு உண்டு. தின்கிற சோறு, குடிக்கிற தண்ணீர், எச்சில் எல்லாம் அதில் போய்த் தங்கும். தங்கினால் புண், புண்ணானால் நாற்றம். கருவாட்டுக் கூடையை மூடி வெயிலில் மறந்துவிட்ட மாதிரி நாறும். இன்னொரு முறை வந்தால் நாயைக் கிளியனூரில் தன் அண்ணன் நிலக்கடலை போட்டிருக்கும் மல்லாட்டைக் கொல்லைக்கு அனுப்பிவிடுவேன் என்று என் வீட்டுக்காரர் முடிவாகச் சொல்லிவிட்டார். அங்கே காவலுக்குப் போன நாய் எதுவும் ஒரு வருஷம் தாண்டியதில்லை.

நான் விடுவேனா? திண்டிவனத்தில் எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் ஒரு டியூப் வாங்கினேன். படர்தாமரைக்கு ஊரே வாங்குவது. தடவிய மூன்றாம் நாள் சிவப்பும் இல்லை, நாற்றமும் இல்லை. டாக்டராவது கீக்டராவது என்று வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன். பத்து நாளில் திரும்ப வந்தது. அவர் மூக்குக்கு எட்டுமுன் திரும்பத் தடவினேன். இப்படியே ஐந்து முறை. போகப்போக ஜல்தியாகவே வந்தது. அப்போதும் இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

ஆறாவது முறை மடிப்பைப் பிரித்தபோது விரல் பட்ட இடத்திலேயே தோல் கிழிந்தது. நான் அழுத்தக்கூட இல்லை. ரத்தம் வந்தது. நாய் கத்தவில்லை, என் முகத்தையே பார்த்தது. அழுதுகொண்டே அதைத் தூக்கிக்கொண்டு விழுப்புரத்துக்கு ஓடினேன்.

அங்கே கால்நடை டாக்டரம்மா மடிப்பைச் சுற்றி முடியை வெட்டி, மருந்துத் தண்ணீரில் துடைத்து, உலர்ந்த பஞ்சால் ஈரமே இல்லாமல் ஒற்றி எடுத்தார். சாப்பிட்டதும் தண்ணீர் குடித்ததும் இப்படி ஒற்றிவிட்டாலே பாதி வியாதி கிட்ட வராதாம். அப்படியும் வந்தால் மடிப்பையே வெட்டித் தைத்துவிடலாமாம். கொல்லைக்கு அனுப்ப வேண்டியதில்லை என்று எனக்கு உயிரே திரும்பி வந்தது. இதுவரை என்ன தடவினீர்கள் என்று கேட்டார். டியூபை எடுத்துக் கொடுத்தேன். படித்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"ஏம்மா, இதுல ஸ்டீராய்டு இருக்கு. புண்ணு ஆறுன மாதிரி காட்டும், உள்ள தோல அரிச்சிக்கினே இருக்கும். வீட்ல வேற யாராச்சும் போடுறாங்களா?"

பன்னிரண்டாவது படிக்கும் என் மகள், முகம் பளிச்சென்று ஆகுது என்று, நாய்க்கு வாங்குமுன்பிருந்தே அதைத்தான் ஆறு மாதமாகப் போடுகிறாள். நாய்க்கு வாங்கும்போதெல்லாம் அவளுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்த பாவி நான். இதைச் சொன்னதும், அவளை உடனே தோல் டாக்டரிடம் காட்டுங்கள் என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்கு வந்ததும் மகளை வெளிச்சத்துக்கு இழுத்து முகவாயைத் தூக்கினேன். கன்னமெல்லாம் சிவப்பாக நூல் நூலாய் நரம்பு. நாயின் உதட்டைத் தினம் மூன்று வேளை பிரித்துப் பார்த்தவளுக்கு இது கண்ணில் படவில்லை. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன்.

"வெயில்ல போனா எரியும்மா. தடவுனா சரியாயிடுதுல்ல, அதான் தடவிக்கினே இருக்கேன்" என்றாள்.