எக்ஸ்ரே வேலை

என்னோடு படித்தவர்கள் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு அமெரிக்கா போன காலத்தில், நான் திருப்பதியில் இயற்பியல் படித்துவிட்டு அங்கே போனேன். வானத்திலிருந்து வரும் எக்ஸ்ரேயை அளக்கும் கருவி செய்வது என் வேலை. எங்கள் ஊர் குடிபாலாவில் அது 'எக்ஸ்ரேல வேல' என்று சுருங்கிவிட்டது. லீவில் வந்தால் அக்கம்பக்கத்தார் முட்டிப் படம், நெஞ்சுப் படம் என்று கொண்டுவந்து நீட்டுவார்கள்.

அம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை என்று அக்கா போன் செய்ததால் அந்த முறை வந்தேன். திருப்பதி ஆஸ்பத்திரியில் படம் எடுத்துக்கொண்டு டாக்டருக்காகக் காத்திருந்தோம். அம்மா படத்தை உருவி என் கையில் கொடுத்தாள். கூலிக்குக் களை எடுத்து என்னைப் படிக்கவைத்தவள்.

"நீயே பாத்து சொல்லேன். எதுக்கு இங்க குந்திக்கினு இருக்கணும்?"

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். வலது பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு. அதைப் பார்க்கப் படிப்பு வேண்டாம்.

"எனக்கு இது தெரியாதும்மா."

"பின்ன இன்னாதான் செய்ற அங்க?"

சொன்னேன். வானத்து எக்ஸ்ரே காற்றைத் தாண்டித் தரைக்கு வராது, அதனால் கருவியை மேலே அனுப்பவேண்டும். மெல்லிய உலோகத் தகடு ஒன்றை, இதற்குமேல் குளிரவைக்க முடியாது என்கிற எல்லைக்குப் பக்கத்தில் வைத்திருப்போம். அந்தக் குளிரில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். ஒரே ஒரு எக்ஸ்ரே துளி விழுந்தாலும் தகடு துளி சூடாகும், தடை வந்துவிடும். அதை அளப்போம்.

"அவ்ளோ ஜில்லு எதுக்கு?"

"அப்பத்தான் அந்தச் சின்ன சூடு தெரியும்."

டாக்டர் என்னிடம் ஆங்கிலத்தில் நீளமாகப் பேசினார். அம்மாவிடம் தெலுங்கில், மாத்திரை போட்டால் போதும் என்றார். அவள் படத்தை வாங்கி உறைக்குள் போட்டுக்கொண்டாள்.

சித்தூர் திரும்பும் ரயில் பாகாலாவில் நின்றபோது போன் வந்தது. கூட வேலை செய்பவர். ஒரு மாதம் முன்பு எங்கள் கருவியோடு மேலே போன செயற்கைக்கோளின் தொடர்பு அறுந்துவிட்டது. எட்டு வருட வேலை. அவர் அழுதுகொண்டிருந்தார். நான் "சரி, சரி" என்று வைத்துவிட்டேன்.

"யாரு?"

"ஆபீஸ்ல. நாங்க அனுப்பினது கெட்டுப்போச்சாம்."

"எறக்கி ரிப்பேரு பண்ண முடியாதா?"

"முடியாது."

அம்மா டிபன் பாக்ஸைத் திறந்தாள். "காலைலேந்து ஒண்ணும் துன்னல நீ. துன்னு." நான்கு இட்லியையும் தின்றேன். ருசி தெரியவில்லை, பசியும் தெரியவில்லை.

நான்கு மாதத்தில் அம்மா போய்விட்டாள். "நைனா செத்தப்ப அப்பன் மொகத்தப் பாக்கக்கூட நீ வரல. இப்ப நின்னுக்கினு இருக்குற, ஒரு சொட்டு கண்ணீர் இல்ல" என்றாள் அக்கா. காரியம் முடிந்ததும் விமானம் ஏறினேன்.

பல வருடம் கழித்து இன்னொரு கருவி மேலே போய் ஒழுங்காக வேலை செய்தது. எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நானும் கைதட்டினேன். அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அம்மா இருந்தா ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சிருக்கும்" என்றவள் அழத் தொடங்கினாள். அவள் அழுது முடிக்கும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.