ஆறு வட்டங்களில் பூஜ்யம்

1. தனபால் கொண்டுவந்த வரைபடம்

வரைபடத்தை என் முன்னால் விரித்து, அதன் வெள்ளைப் பகுதியில் விரலை ஊன்றினார் காட்டோரம் நிலம் வைத்திருக்கும் தனபால்.

"இது ஒங்க கணக்கு தான சார்? எங்க கொல்ல பக்கம் மானே இல்லன்னு போட்டுக்கீது. அப்போ எங்க மல்லாட்டய மேஞ்சுட்டுப் போறது இன்னா, ஆவியா?"

கணக்கு என்னுடையதுதான். ஆனால் அவர் நிலக்கடலைச் செடியின் நுனிகளை மான் கடித்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். இரண்டில் எது பொய்?

நான் முப்பத்து நான்கு வருடம் புள்ளிவிவரத் துறையில் இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு, உத்திரமேரூருக்குத் தெற்கே உள்ள புதர்க்காட்டில் புள்ளிமான் எங்கெங்கே வாழும் என்று கணிக்கும் ஆராய்ச்சிக் குழுவில் சேர்ந்தேன். வேலை எளிது. நாற்பது இடங்களில் கயிற்றால் வட்டம் போட வேண்டும். வட்டத்துக்குள் எத்தனை குவியல் மான் புழுக்கை, எவ்வளவு நிழல், தண்ணீர் எவ்வளவு தூரம் என்று படிவத்தில் எழுத வேண்டும். குழுத்தலைவி ரேவதி அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி 'மாடல்' போடுவார். எண்ணாத இடங்களையும் அந்த மாடல் கணித்து நிறம் கொடுக்கும். மானுக்கு ஏற்ற இடம் சிவப்பு. ஏற்காத இடம் வெள்ளை.

சிவப்பை ஒட்டிய நிலங்களுக்கு மட்டும் வனத்துறை வேலி போடும். தனபாலின் இரண்டு ஏக்கர் வெள்ளையை ஒட்டியிருந்தது. வேலி இல்லாவிட்டால் அந்தப் போகத்துக் கடலை அவருக்குக் கிடைக்காது.

2. தண்ணீரைக் கண்டால் மான் ஓடுமா?

ரேவதியிடம் போனேன். அவரும் குழம்பித்தான் இருந்தார்.

"எனக்கே விசித்திரமா இருக்கு சார். குட்டை பக்கத்துல, அடர்ந்த புதர்ல மான் இருக்காதுன்னு மாடல் சொல்லுது. உங்க பதினேழுலேருந்து இருபத்திரண்டு வரைக்கும் ஆறு வட்டத்துலயும் ஜீரோ. அதைப் பார்த்துத்தான் அது கத்துக்குது."

"நான் தப்பா எண்ணல அம்மா."

"தப்புன்னு சொல்லல சார்."

சொல்லாவிட்டாலும் எனக்கு அப்படித்தான் கேட்டது. மறுநாள் காலையில் கண்ணம்மாவோடு போய் ஆறு வட்டத்தையும் திரும்ப எண்ணினேன். கண்ணம்மா காட்டுக்கு அப்பால் உள்ள இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவர். முதல் நாளிலிருந்து எனக்கு வழிகாட்டி. ஆறிலும் மறுபடியும் பூஜ்யம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறை எண்ணினேன். பூஜ்யம். ஆனால் குட்டையோரம் ஈர மண்ணில் குளம்படிகள் இருந்தன. இருபத்தாறு வரை எண்ணி விட்டுவிட்டேன். கால் வைத்த மான் புழுக்கை போடாமலா போகும்?

பதினெட்டாம் வட்டத்தில் குனிந்தபோதுதான் தரையில் மெல்லிய கோடுகள் தெரிந்தன.

"இது என்னம்மா கோடு?"

"தொடப்பக் கோடு சார்."

"காட்டை யார் பெருக்குறாங்க?"

"நாங்கதான். ஆட்டுப் புழுக்க, மான் புழுக்க, சருகு எல்லாத்தையும் வாரிக்கினு போயி கொல்லைல கொட்டுவோம். எருவுக்கு."

"யார் கொல்லையில?"

கண்ணம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "தனபால் நைனா கொல்லைலதான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கலயே சார். தரைல கீற புழுக்கய எண்ணணும்னுதான் சொன்ன. அதுவும் இல்லாம, சொன்னா காட்டு ஆபீசுல வைவாங்க."

வீட்டுக்கு வந்து படிவத்தை எடுத்துப் பார்த்தேன். கடைசிக் கட்டம் 'தரையைப் பற்றிய குறிப்பு'. முதல் வரியில் 'குறிப்பு ஏதுமில்லை' என்று எழுதியிருந்தேன். மீதி முப்பத்தொன்பது வரியிலும் 'மேற்படி'. அலுவலகத்தில் காலிக் கட்டத்தோடு போனால் அதிகாரி தாளைத் திருப்பி வீசுவார். 'மேற்படி' போட்டால் எதுவும் கேட்கமாட்டார். அந்தப் பழக்கம் கையோடு காட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

3. ஒரு மாதம்

தனபாலிடம் சொன்னேன்.

"நானே வாரிக்கினு வந்து கொட்டச் சொல்லிட்டு, நானே மான் எங்கன்னு ஒங்களப் புட்ச்சு கேட்டுக்கினு கீறனா?"

"ஒரு மாசம் அந்தப் பக்கம் புழுக்கை வாரச் சொல்லாம இருங்க."

ரேவதியிடம், அந்த ஆறு வட்டத்திலும் தரை பெருக்கப்பட்டிருந்தது, என் பூஜ்யத்தை எடுத்துவிடுங்கள் என்றேன். யார் பெருக்கியது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அது சரிதானா என்று இன்றும் தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து எண்ணியபோது பதினேழில் ஒன்பது குவியல், பதினெட்டில் பதினான்கு. ஆறில் ஒன்றுகூடக் காலியாக இல்லை. வரைபடம் சிவந்தது. தனபால் பக்கத்துக்கும் வேலி வந்தது.

4. வேலி போட வந்த நாள்

வனவர் ஆட்களோடு முளை அடித்துக்கொண்டு வந்தார். கண்ணம்மா வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இத்த இப்டியே அடைச்சிட்டா நாங்க எப்டி சார் கொல்லைக்கு வர்றது?"

"மேப்புல பாதையே இல்லையேம்மா" என்றார் வனவர். பிறகு என்னைப் பார்த்தார்.

குடியிருப்பிலிருந்து தனபால் நிலம் வரை காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதை ஆயிரத்து நூற்று நாற்பது தப்படி. அதில் நடந்துதான் நான் மானைத் தேடினேன். படிவம் அதைக் கேட்கவில்லை, நான் எழுதவில்லை. தனபால் கொல்லைக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் சுற்றிப் போனால் அரை நாள் கூலி போகும்.

"பாதை இருக்கு. நான்தான் எழுதாம விட்டுட்டேன்" என்றேன். "ஒரு கதவு வைக்கணும்."

"வழி வுட்டா மான் பூந்துடும் சார்" என்றார் தனபால்.

கண்ணம்மா அவர் பக்கம் திரும்பினார். "வழிய அடைச்சிட்டா ஒனக்குக் களை புடுங்க மான் வருமா நைனா?"

முளை அடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். தனபாலும் சிரித்தார். பிறகு அவரே குனிந்து ஒரு முளையைப் பிடுங்கி, இரண்டடி தள்ளி நட்டார்.

"இங்க கதவு வையுங்க. தாப்பா நான் போட்டுக்கறேன்."

நான் ஜிபிஎஸ் கருவியை எடுத்துக்கொண்டு குடியிருப்பு வரை நடந்து பாதையைப் பதிவு செய்தேன். இந்த முறை ஆயிரத்து நூற்று முப்பத்தாறு தப்படிதான் வந்தது. நான்கு தப்படி எங்கே போனதென்று தெரியவில்லை. இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்லலாம். மான் வாழும் இடத்தை வரையப் போனால், அதன் வழியே வேலைக்குப் போகிறவர்களை முதல் நாளே நிறுத்திக் கேளுங்கள். நான் கேட்கவில்லை; வேலி வந்த அன்று அவர்களே கேட்க வேண்டியிருந்தது.