கூறைச்சேலையோடு கடந்த பாலம்

நனைந்த பட்டுக்கு ஒரு மணம் இருக்கிறது… மழையில் நனைந்த கோழியின் மணம் மாதிரி. அது மூக்கில் ஏறினால் நான் ஓக்லாந்தில், கிளென் ஈடன் வீட்டில் இருக்க மாட்டேன். சாம்பியாவில், விக்டோரியா நீர்வீழ்ச்சிக்கு முன்னால் நிற்பேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நியூசிலாந்து விசா வருவதற்கு முன்பு, அங்கே ஒரு கலவன் பாடசாலையில் கணக்குப் படிப்பித்தேன். பௌதிகம் படிப்பித்த மாஸ்டரும் யாழ்ப்பாணம்தான். நாங்கள் இருவரும் கடைசி வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனோம்.

நீர்வீழ்ச்சி பார்க்க யாராவது கூறைச்சேலை உடுத்துவார்களா? நான் என் கலியாணக் கூறையை உடுத்தினேன். யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது எங்கள் கலியாண ஆல்பம் வீட்டோடு போய்விட்டது. ஒரு படமும் மிச்சமில்லை. 'கூறையோட ஒரு படமாவது எடுத்து அனுப்பு பிள்ளை' என்று அம்மா கடிதத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். பாடசாலைக் கமெரா அன்றைக்குத்தான் வெளியே வந்தது… விட மனமில்லை.

தூரத்திலேயே இரைச்சல் கேட்டது. கிட்டப் போனால் தண்ணீர் கீழே விழுந்து, மேலே எழும்பி, திரும்பவும் மழையாகக் கொட்டுகிறது. முன்னால் பள்ளத்துக்கு மேலே ஒரு ஒடுக்கமான பாலம். அதைக் கடந்தால்தான் முழு நீர்வீழ்ச்சியும் தெரியும்.

மாஸ்டர் பொடியன்களைக் கூட்டிக்கொண்டு போய், தெப்பமாக நனைந்து, சிரித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

பெண் பிள்ளைகள் பதினாலு பேர். லேடி டீச்சர் கூடப் போகாமல் அவர்கள் எங்கேயும் போகக் கூடாது என்பது ஹெட்மாஸ்டரின் சட்டம். லேடி டீச்சர் என்றால் நான் ஒருத்திதான்.

"டீச்சர், பிள்ளையள் இதில நிண்டு பாக்கட்டும். கூறையோட நீங்கள் அங்கால போகேலாது. ஃபில்மில கடைசிப் படம் ஒண்டுதான் கிடக்கு. வாங்கோ, காய்ஞ்ச சீலையோட எடுத்துவிடுறன்," என்றார் மாஸ்டர்.

பதினாலு பேரும் என்னையே பார்த்தார்கள். ஒருத்தியும் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்பியிருப்பேன். கணக்கு வராது என்று மற்றவர்கள் ஒதுக்கிவிட்ட பிள்ளைகள் அதில் பாதிப் பேர். இதற்கும் ஒதுங்கி நின்று பழகட்டும் என்று விட எனக்கு மனம் வரவில்லை.

"படத்தை வந்தாப் பிறகு எடுப்பம் மாஸ்டர்."

"நனைஞ்சாப் பிறகோ?"

"ஓம். பிள்ளையளோட."

முட்டிந்தா என்ற உயரமான பிள்ளை, இடுப்பில் கட்டியிருந்த சித்தெங்கே துணியை அவிழ்த்து என் சேலைக்கு மேலே சுற்றிவிட்டாள். பத்து அடி போவதற்குள் இரண்டும் நனைந்தன. கீழே பார்க்காமல் இருக்க, பிள்ளைகளை எண்ணிக்கொண்டே நடந்தேன். ஒன்று, இரண்டு… பதினாலு. திரும்பவும் ஒன்று.

அந்தப் பக்கம் போனதும் நீர்ப்புகை ஒருமுறை விலகியது. வெள்ளைச் சுவர் மாதிரித் தண்ணீர். பிள்ளைகள் கைகோர்த்துக்கொண்டு பாடத் தொடங்கினார்கள். இரைச்சலில் பாட்டுக் கேட்கவில்லை, வாய்கள் அசைவது மட்டும் தெரிந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. அப்படி ஒரு பெருமை கலியாணத்தன்றுகூட இருக்கவில்லை.

கடைசிப் படத்தில் பதினைந்து பேரும் ஈரம். சேலையின் சிவப்புச் சாயம் இறங்கி, பொன்னிறக் கரை நீளத்துக்கும் கறை.

அழுதுகொண்டுதான் அந்தப் படத்தைத் தபாலில் போட்டேன். இரண்டு மாதம் கழித்து அம்மாவின் பதில் வந்தது. 'கூறை மட்டுமட்டாத்தான் தெரியுது. அது கிடக்கட்டும். இவ்வளவு பிள்ளையளும் உன்னட்டையே படிக்கினம்?'

அந்தக் கடிதத்தோடும் சேலையோடும்தான் ஓக்லாந்துக்கு வந்து இறங்கினேன்.

இப்போது மகள் ஒரு காலைச் சாப்பாட்டுக்கே இருபது படம் எடுக்கிறாள். எங்களுக்கு அன்று இருந்தது ஒரே ஒரு படம்… அதுவும் நான் நினைத்த படம் இல்லை.

வருகிற மாதம் அவளுக்குக் கலியாணம். நான் அந்தக் கூறையைத்தான் உடுத்தப் போகிறேன். ஒடாஹுஹுவில் ஒரு ட்ரை கிளீனரிடம் கொண்டுபோனேன். மதுரைத் தம்பி ஒருவர் விரித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, இந்தக் கறை போகுமான்னு தெரியல. ட்ரை பண்றேன்" என்றார்.

"அதை விட்டிடுங்கோ தம்பி," என்றேன். "மிச்சத்தை மட்டும் துப்புரவாக்கித் தாங்கோ."